இலை வேன் சூடாகும் நேரம்

எங்கள் வேனைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரிந்துவிடும். பிஸ்கட் டின்னில் ஆணிகளைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். டீசல் எஞ்சின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் அப்படித்தான் கத்தும் என்பார் என் கணவர். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா நல்ல மனுஷி. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடிக்க அவருக்கு அவ்வப்போது ஒரு கட்டு வாழை இலை கொடுத்துவிடுவோம், அவரும் சத்தத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. வாய் திறந்தவள் நான் ஒருத்திதான்.

என் கோபம் சத்தத்தின் மேல் இல்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தின் மேல். சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருப்பார். பிறகு ஸ்டார்ட் செய்வார். அதோடு சரி, பதினைந்து நிமிடத்துக்கு வண்டி அசையாது. கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, காப்பியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தபடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே நான் வீடு கூட்டி, விளக்கேற்றி, சட்னி அரைத்து, துணி ஊறவைத்திருப்பேன். "இன்னும் கெளம்பலயா?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்.

"இரு. சத்தம் எறங்கட்டும்."

வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க ஆண்கள் கண்டுபிடித்த பூசை இது என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். காப்பி இன்னும் பாதி இருக்கும்.

எங்கள் தொழில் வாழை இலை. பந்திங் பக்கம் நாலைந்து தோட்டங்களில் மத்தியானம் அறுத்துக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்து, மறுநாள் காலையில் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது. கூடவே தேங்காய் மூட்டைகள். இலைதானே என்று நினைப்பவர்கள் ஈர இலைக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும், மறுநாள் தோள்பட்டை பேசும். அவர் யாரிடமோ லோரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, இந்த வேனைப் பழசாக வாங்கி, ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பிடித்த தொழில் இது. மூன்று கடைக்காரர்களுக்கும் எங்கள் வீடு எங்கே என்று தெரியாது. அவருடைய போன் நம்பர் மட்டும் தெரியும். எட்டு மணிக்குள் இலை வந்துவிடும் என்பதும் தெரியும்.

போன தைப்பூசம் முடிந்த வாரத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. மருத்துவமனையில் நான்காவது நாள் நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்து அது வந்தது.

"இரு."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சும், சிலருக்குக் கெட்ட வார்த்தைதான் மிஞ்சும் என்று சொன்னாள். எங்களுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பல வருடம் லோரி ஓட்டியவர், எது வேண்டுமானாலும் மிஞ்சியிருக்கலாம். அன்றிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றால் இரு. டிவி சேனலை மாற்றச் சொல்வதும் இரு. கோபத்துக்கும் அதுதான், அழுகைக்கும் அதுதான். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். பாதி நேரம் தவறாகத்தான் கண்டுபிடித்தேன்.

முதல் இரண்டு மாதம் வேனை ஓட்டியது என் கொழுந்தன், அவருடைய தம்பி. குறை சொல்லக்கூடாது, தன் வேலைக்குப் போகும் முன் அதிகாலையில் வந்து ஓட்டிக்கொடுத்தான். ஆனால் எத்தனை நாள் ஓட்டுவான்? ஒருநாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, என்னால முடியல. வித்துடலாம் லா. ஆள் இருக்கு."

"நான் ஓட்டறேன்."

"இது பொம்பள ஓட்டற வண்டி இல்ல அண்ணி. கியர் வண்டி, டீசல் வண்டி. நீங்க ஆட்டோ கியர் கார் ஓட்டிப் பழகினவங்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இருபது வயதில் கியர் வண்டியில்தான் லைசென்ஸ் எடுத்தேன், மறந்துவிட்டதென்றால் மறுபடி பழகிக்கொள்கிறேன், அதிலென்ன. அன்றைக்கு மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன். இந்த வேன் என் கையில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் அவன் விற்றுவிடுவான், மூன்று கடையும் வேறு ஆளிடம் போய்விடும், பிறகு இந்த வயதில் நான் யாருடைய சமையலறையிலாவது பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான். அவருக்காகத்தான் ஓட்டினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொய். தொழில் எனக்கு வேண்டியிருந்தது.

ஓட்டினேன். முதல் வாரம் கிள்ளான் சிக்னல்களில் எத்தனை முறை எஞ்சின் அணைந்தது, பின்னால் வந்தவர்கள் எத்தனை மொழியில் திட்டினார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். இரண்டாம் மாதத்தில் கை பழகிவிட்டது. காலை வழக்கத்தை மட்டும் அவர் செய்தபடியே செய்தேன். சுருள் விளக்கு, ஸ்டார்ட், பதினைந்து நிமிடம். முன்னறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன். அங்கிருந்து எஞ்சினைக் கேட்பார். நான் திரும்பும்வரை எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வார். நான் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பப் பார்த்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து "இரு" என்று குரல் வரும். சரி, இந்த ஒரு விஷயத்திலாவது அவர் முதலாளியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு புரட்டாசி வந்தது. பாதி ஊர் சைவத்துக்கு மாறிவிடும் மாதம். பிரிக்பீல்ட்ஸில் இலைச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. எங்களுக்கு இலை தேவை ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த மாதக் கடைசியில்தான் ஆயுத பூசை. வேனுக்குப் பூசை போடாமல் இருக்க முடியுமா? அதுவும் நான் ஓட்ட ஆரம்பித்த முதல் வருடம். கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பெரிய சாமந்தி மாலை போட்டு, கோயில் வாசலில் விடியற்காலையிலேயே கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினேன்.

வரிசை நீளம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். என் முறை வந்தபோது நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் பூசணிக்காய் சுற்றி, கற்பூரம் காட்டி, "எடும்மா, வண்டிய எடும்மா" என்றார். பின்னால் நாற்பது வண்டி. கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு என் கொழுந்தன் நிற்பதையும் பார்த்துவிட்டேன். அவன் சும்மாதான் நின்றான். என் கண்ணுக்கு அவன் சிரிப்பது போலத் தெரிந்தது.

சுருள் விளக்கு அணையும்வரை நான் காத்திருக்கவில்லை. எஞ்சின் உறுமிவிட்டு அணைந்தது. இரண்டாவது தடவை கிளட்சை விட்ட வேகத்தில் ஒரு குதி குதித்து அணைந்தது. யாரோ ஹாரன் அடித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூன்றாவது தடவை ஸ்டார்ட் ஆனதும் பெடலை அடிவரைக்கும் மிதித்தேன். குளிர்ந்து கிடந்த எஞ்சின் அலறிய அலறலில் கோயில் மணி சத்தமே கேட்கவில்லை. கறுப்புப் புகையில் குருக்கள் மறைந்துபோனார். வேன் பாய்ந்தது. ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காமல் பிதுங்கிக்கொண்டு ஓடி, செருப்பு வைக்கும் இடத்தில் போய் நின்றது. ஒரு பக்கத்து வாழைக்கன்று சாய்ந்து கண்ணாடியில் விழுந்தது.

இதையெல்லாம் பிறகு சொல்லிச் சிரித்துவிடலாம். ஆனால் அதே நேரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. சாலைக்கு வந்ததும் புகை நீலமாக மாறியது. பெடலை மிதித்தாலும் வண்டிக்கு வலுவே இல்லை. மாலையும் சந்தனமும் குங்குமமுமாக, பூசை போட்ட கையோடு, எங்கள் வேனை இழுவை லோரியில் ஏற்றினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி," என்றான் கொழுந்தன். நான் இழுவை லோரியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு சீனர். கிள்ளானில் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் வந்துவிட்ட மனிதர். எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு பாகத்தை என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னச் சக்கரம், ஓரமெல்லாம் தேய்ந்து சிதைந்திருந்தது. டர்போ என்றார். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி, பயங்கர வேகத்தில் சுற்றும், எண்ணெய் இல்லாமல் சுற்றினால் இந்தக் கதிதான்.

"எண்ணெய் இருந்துச்சே பாஸ். போன மாசம்தான் மாத்தினோம்."

"இருந்துச்சு லா. கீழ இருந்துச்சு. வண்டி நின்னா எண்ணெய் எல்லாம் கீழ எறங்கிடும் அக்கா. ஸ்டார்ட் பண்ணினா மேல ஏற கொஞ்சம் டைம் குடுக்கணும். நீ உடனே மிதிச்சா இரும்பும் இரும்பும்தான் ஒரசும். இது ஏற்கனவே பழசு. நீ மிதிச்ச மிதி அதுக்குக் கடைசி மிதி."

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற நாட்களில் நாங்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. "அன்னிக்கு ஒரு நாள்தான் பாஸ் அப்படி. மத்த நாளெல்லாம் பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டு சூடாக்கிட்டுத்தான் எடுப்போம். என் வீட்டுக்காரர் இத்தன வருஷமா அப்படித்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எஞ்சினில் காற்றுப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுச் சுழற்றி வெளியே எடுத்தார். விரல் முழுக்கக் கரி.

"அதுவும் தப்பு அக்கா. டீசல் சும்மா நின்னா சூடாகாது. பதினஞ்சு நிமிஷம் நின்னாலும் அர சூடுதான். கரிதான் சேரும். ஒரு நிமிஷம் போதும், எண்ணெய் மேல ஏறிடும். அப்புறம் மெதுவா ஓட்டிப் போ. எஞ்சின் சுத்தற வேகம் காட்டற இந்த ஊசி ரெண்டாயிரத்தத் தாண்டக் கூடாது. மிதிக்கக் கூடாது, வெரட்டக் கூடாது. ஓடினாத்தான் அது சூடாகும். சூடானா சத்தம் தானா எறங்கும். அப்புறம் நீ பறந்து போ, யாரு கேட்டா."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடக் காலைகள்! அந்தக் காப்பி, வெளியே தொங்கிய கால், "இரு, சத்தம் எறங்கட்டும்" என்ற அந்தத் தோரணை. எல்லாம் தப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வாதம் இது. உள்ளே நுழைந்ததும் அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு வரியாக, விரலில் ஒட்டிய கரி உட்பட. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஆளாக இருந்தால் ஒர்க்‌ஷாப்காரருக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இப்போது அவரிடம் இருந்தது ஒரு சொல். அதைக்கூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேன் சரியாவதற்குப் பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் என் சின்னக் காரில் இலை போனது. பின் சீட்டை மடக்கி, முன் சீட்டிலும் அடுக்கி, இலை ஈரம் கழுத்தில் சொட்டச் சொட்ட, காலையில் இரண்டு நடை. தேங்காயை அதில் ஏற்ற முடியவில்லை, தேங்காய் வேறு ஆளிடம் போனது. பிரிக்பீல்ட்ஸில் மூன்று கடைகளில் பெரிய கடையை நடத்துபவர் ஒரு அம்மாள், அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாம் நடை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு நாள், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒன் கஷ்டம் தெரியுது. ஆனா எல இல்லாம நான் கட தெறக்க முடியாது. தேங்காக்காரன் எலயும் நானே தரேன்னு கேக்கறான். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒழுங்கா வந்துட்டா ஒன் எடம் ஒனக்குத்தான்."

"வந்துடுவேன் அக்கா," என்றேன். வேறென்ன சொல்ல?

வேன் திரும்பி வந்த மறுநாள் காலையில் நான் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னபடி செய்தேன். சுருள் விளக்கு அணைந்தது, ஸ்டார்ட், ஒரு நிமிடம். முதல் கியரைப் போட்டேன்.

"இரு!"

நான் நிறுத்தவில்லை. "இரு! இரு! இரு!" ஜன்னல் கம்பியை இடது கையால் அடித்துக்கொண்டு அவர் கத்தினார். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வேனை மெதுவாக உருட்டி வெளியே கொண்டுவந்தேன். தெரு முனைவரைக்கும் அந்தக் குரல் என் பின்னால் வந்தது. வேனை நான் மறுபடியும் கெடுக்கப்போகிறேன் என்று அவர் நினைத்தார். அவர் கண்ணால் பார்த்தால் நியாயம்தான். எலுமிச்சம்பழக் கதை அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒவ்வொரு காலையும் அப்படியே. மூன்றாம் நாள் காப்பித் தம்ளர் பறந்தது. நாலாம் நாள் சாப்பிடவில்லை. கை கால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம் கையைக் கொடுக்க மறுத்தார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பழையபடி பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போனால்தான் என்ன, வீட்டில் நிம்மதியாவது இருக்குமே என்று ஒரு மனம் சொன்னது. அந்த மெக்கானிக் விரலில் இருந்த கரியைப் பார்க்காமல் இருந்தால் அப்படியே செய்திருப்பேன். பார்த்தபிறகு முடியவில்லை. இன்னொரு தடவை இந்த வண்டி படுத்தால் என் கதை முடிந்தது.

அந்த வாரத்தில்தான் கொழுந்தன் வந்தான்.

"அண்ணனுக்கே புடிக்கல பாருங்க அண்ணி. தெனமும் கத்தறாராம், எதிர்வீட்டுல சொல்றாங்க. வர்ற சனிக்கிழம பத்து மணிக்கு ஆள கூட்டிட்டு வரேன். வண்டி அண்ணன் பேர்லதான் இருக்கு. அவர் கைநாட்டு வச்சா போதும்." பிறகு அண்ணனிடம் குனிந்து, "என்னண்ணே, வித்துடலாமா?" என்று கேட்டான்.

அவர் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இரு," என்றார்.

அது சரியா, வேண்டாமா, தண்ணீரா, யாருக்கும் புரியவில்லை. கொழுந்தன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனான். அந்த இடது கைக் கட்டைவிரலை நான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை வைத்துத்தான் சாப்பிடுகிறார், சட்டைப் பொத்தானை அதை வைத்துத்தான் தடவித் தடவி மாட்டுகிறார். சனிக்கிழமை அதை ஒரு தாளில் அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். அவர் அழுத்துவார் என்றுதான் நான் நம்பினேன்.

சனிக்கிழமை காலையில் அவரை ஜன்னலோரம் உட்காரவைக்கவில்லை. நேராக நாற்காலியை வேனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "இரு" என்றார் ஆச்சரியமாக. கையை என் கழுத்தில் போட்டு, நல்ல காலைப் படியில் வைத்து, இழுத்து, தள்ளி, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்க, முன் சீட்டில் ஏற்றினேன். பெல்ட்டைப் போட்டேன். அவருடைய போனை டேஷ்போர்டில் அதன் இடத்தில் மாட்டினேன். பின்னால் இலையும் தேங்காயும் ஏற்றியாகிவிட்டது. பெரிய கடை அம்மாளிடம் கேட்டுத் தேங்காயையும் திரும்பப் பிடித்திருந்தேன்.

சுருள் விளக்கு அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஆணிகள் குலுங்கத் தொடங்கின. உள்ளே உட்கார்ந்து கேட்டால் அந்தச் சத்தம் காலடியில் நடுங்குகிறது. டேஷ்போர்டில் கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. அது ஐம்பத்தொன்று ஆனதும் கிளட்சை மிதித்துக் கியரில் கை வைத்தேன்.

"இரு!" இடது கையைக் குறுக்கே நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி. இவ்வளவு பலத்தோடுதான் பயிற்சிக்காரியின் கையைத் தட்டிவிட்டிருக்கிறார்.

"கையை எடுங்க," என்றேன். "காத மட்டும் வைங்க. சத்தம் எறங்கலன்னா நானே திரும்பிக் கொண்டாந்து நிறுத்தறேன். வர்ற ஆளுக்கு நீங்களே கைநாட்டு வச்சுக் குடுங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு விட்டார்.

முதல் கியரில் தெருவுக்கு வந்தேன். இரண்டாவது கியர். எங்கள் தாமான் குடியிருப்பில் வேகத்தடைகள் ஐந்து. ஒவ்வொன்றையும் ஊர்ந்து கடந்தேன். ஊசி ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவே நின்றது. பெரிய சாலைக்கு வந்ததும் பின்னால் ஒரு லோரி விளக்கடித்தது. பத்து மோட்டார் சைக்கிள்கள் என்னைச் சுற்றிக்கொண்டு பறந்தன. ஒருவன் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும். நான் பெடலைத் தடவிக்கொண்டுதான் போனேன்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முன்பெல்லாம் காப்பியோடு உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் அதே முகம். எத்தனை வருடம் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறேன். அந்த மனிதர் உண்மையாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்பதில் தவறியிருக்கலாம், காதில் தவறவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை, சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

பெட்ரோல் நிலையத்தைத் தாண்டும்போது ஆணிகள் குறைந்தன. முதலில் நான் கற்பனை என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் நின்றபோது உறுதியாகத் தெரிந்தது. சூட்டைக் காட்டும் முள் அடியிலிருந்து எழும்பியிருந்தது. டின் சத்தம் போய், அடித்தொண்டையில் ஒரு முனகல் மட்டும் இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தெட்டு. மறுபடியும் எஞ்சினைக் கேட்டார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில நல்ல நேரங்களில் அது ஒன்று.

பெடரல் ஹைவேயில் ஏறும் இடம் எனக்கு எப்போதும் பயம். இருட்டில் துறைமுக லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், இடைவெளி பார்த்து மிதித்து உள்ளே புகுந்தாக வேண்டும். எலுமிச்சம்பழ நாளிலிருந்து மிதிக்கும் இடம் வந்தாலே என் கால் பிரேக்குக்குப் போய்விடும். அன்றும் ஓர் இடைவெளி வந்தது, விட்டுவிட்டேன். இன்னொன்று வந்தது. கால் தயங்கியது.

"போ."

நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன சொன்னீங்க?"

அவர் முகம் சுளித்தார். கிளம்பச் சொன்னால் கிளம்பத் தெரியாதா என்று பழைய நாட்களில் சுளிப்பாரே, அதே சுளிப்பு.

"போ!"

மிதித்தேன். எஞ்சின் அலறவில்லை, விசிலடிக்கவில்லை. ஒரே சீராகக் குரலை உயர்த்தி, இலையையும் தேங்காயையும் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு லோரிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. சுபாங் ஜெயா தாண்டும்வரை நான் கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏழே காலுக்குப் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். இலையை இறக்கும்போது கடைக்கார அம்மாள் வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து அவர் இடது கையில் கொடுத்தார். தேங்காய் மூட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "தீபாவளிக்கு எல சேத்துக் கொண்டா," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வழக்கமாக அங்கிருந்து வீட்டுக்குத்தான் போவேன். அன்றைக்கு வண்டியை நேராகப் பந்திங் பக்கம் திருப்பினேன். மறுநாள் இலையை மத்தியானத்துக்குப் பதில் காலையிலேயே அறுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்கு வீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. எந்த முனையில் திரும்பினால் வீடு, எந்த முனையில் திரும்பினால் பந்திங் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. நான் திரும்பியபோது அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். போன் அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது. எடுத்து என்ன சொல்வது என்று யோசித்தபடி நான் கையை நீட்டினேன். அவருடைய இடது கை எனக்கு முந்திக்கொண்டது. போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். விரலுக்கடியில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"இரு," என்றார் அதனிடம். என்னைப் பார்த்து, தாடையால் சாலையைக் காட்டினார்.